மாத்யூ ஆர்னால்டும் பரீட்சை மானியமும்

பள்ளிக்கூடத்துப் பிள்ளை படித்தானா இல்லையா என்பதைக் கண்டறிவது எப்படி? இக்கேள்வி எழும்போதெல்லாம் சர்க்கார்கள் தராசைத்தான் தேடுகின்றன. நிறுக்கக்கூடியதை நிறுத்துவிட்டு, அதுவே கல்வி என்று தீர்ப்புச் சொல்லிவிடுகின்றன. இங்கிலாந்து ஏறத்தாழ முப்பது வருஷகாலம் இந்தப் பிழையைச் செய்தது. அதைத் தொடக்கத்திலேயே கண்டித்தவர், அந்தச் சர்க்காரிடமே சம்பளம் பெற்ற ஓர் உத்தியோகஸ்தர் என்பதை நம்மவரில் பலர் அறியார். கவியென்றும் விமர்சகரென்றும் நம் கலாசாலைகளில் பெயர்பெற்ற மாத்யூ ஆர்னால்டே அவர்.

ஆர்னால்டு 1822-ம் வருஷம் டிசம்பர் 24-ந் தேதி லேல்ஹாம் என்னும் கிராமத்தில் பிறந்தார். ரக்பி பள்ளிக்கூடத் தலைமையாசிரியராகப் புகழ்பெற்ற தாமஸ் ஆர்னால்டு இவருடைய தந்தை. தம்பி வில்லியம், பஞ்சாபில் கல்வி இலாகா டைரக்டராயிருந்து, 1859-ல் தாயகம் திரும்பும் வழியில் ஜிப்ரால்டரில் மாண்டார். ஆக்ஸ்போர்டில் கற்ற மாத்யூ, விவாகம் செய்துகொள்ள நிலையான வருமானம் வேண்டுமென்றே 1851-ல் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வேலையை ஏற்றார். ஆசைப்பட்டு ஏற்ற வேலையன்று. ஆயினும் 35 வருஷம் அதிலேயே உழைத்தார். 1857 முதல் பத்து வருஷம் ஆக்ஸ்போர்டில் கவிதைப் பேராசிரியராக விளங்கியபோதும், ஏழைப் பிள்ளைகளின் ஆரம்பப் பள்ளிகளுக்குச் சென்று சோதனை செய்வதை நிறுத்தவில்லை. 1868-ல் ஒரே வருஷத்தில் இரு புதல்வர்களைப் பறிகொடுத்தார். அப்போதும் வேலையை விடவில்லை.

1862-ல் ராபர்ட் லோ என்னும் கனவான் கல்வி இலாகாவின் தலைமையிலிருந்து, திருத்திய விதிகள் என்ற பெயரால் ஒரு புது ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். பரீட்சை பலனுக்கேற்ற மானியம் என்பதே அதன் சாரம். சராசரி வருகையைக் கொண்டு பிள்ளை ஒன்றுக்கு 4 ஷில்லிங். அதன்மேல், ஆறு வயது கடந்து 200 வேளைக்கு மேல் பள்ளிக்கு வந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் 8 ஷில்லிங். ஆனால் வாசிப்பு, எழுத்து, கணக்கு இம்மூன்றில் ஒன்றில் தவறினால் 2 ஷில்லிங் 8 பென்ஸ் பிடித்தம். மூன்றிலும் தவறினால் 8 ஷில்லிங்கும் போயிற்று. பொதுப்பணம் வீணாகாமல் காப்பதே நோக்கம் என்றார் லோ. அந்நோக்கத்தைக் குறைகூற நாம் முன்வரவில்லை. பிள்ளையின் நாக்குத் தடுமாறினால் உபாத்தியாயர் வீட்டு உலை தடுமாறும்படி செய்ததே பெரும் பிழை.

ஆர்னால்டு வாளாவிருக்கவில்லை. அவ்வருஷமே ஒரு மாதப் பத்திரிகையில், பெயரிடாமல், தம் மேலதிகாரியின் திட்டத்தைக் கடுமையாகக் கண்டித்து எழுதினார். எழுதியவர் யாரென்பது நெடுநாள் மறைந்திருக்கவில்லை. அவர் பரீட்சையையே வெறுத்தவர் என்று எண்ணுவது தவறு. பிள்ளைகளைத் தனித்தனியே சோதித்தறிவது நன்மையே என்பது அவர் கொள்கை. அச்சோதனையைப் பணத்தோடு முடிச்சுப் போடுவதையே அவர் எதிர்த்தார். பிரான்ஸ், ஹாலந்து, ஸ்விட்சர்லாந்து தேசங்களின் பள்ளிகளை 1859-ல் நேரில் பார்த்தவராதலால், வேறு வழி உண்டென்பதை அவர் அறிவார்.

அவர் அஞ்சியபடியே நடந்தது. உபாத்தியாயர்கள் பரீட்சைக்குரிய புத்தகத்தைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும்வரை ஓட்டினார்கள். வாசிக்கத் தெரியாத பிள்ளை வாசிப்பில் தேறிற்று. சரித்திரமும் பூகோளமும் பின்தள்ளப்பட்டன. உபாத்தியாயர் பயிற்சிக்கு வருவோர் தொகையும் குறைந்தது. ஆர்னால்டு தம் வருஷாந்தர அறிக்கைகளில் இவற்றை விடாமல் எடுத்துக்காட்டி வந்தார். 1886-ல் ஓய்வுபெற்று, 1888 ஏப்ரல் 15-ல், அமெரிக்காவிலிருந்து வரும் மகளை எதிர்கொள்ள லிவர்பூல் சென்றவிடத்தில் இருதயம் நின்று காலமானார். அம்முறையின் பெரும்பகுதி 1890-ம் வருஷத்து விதிகளால் ஒழிந்ததைக் காண அவர் இல்லை.

ஆள்வோர் நாட்டில் பிறந்த இப்பிழை கப்பலேறி இங்கும் வந்தது. சென்னை ராஜதானியிலும் 1860-களில் பரீட்சை பலன் மானியம் புகுந்து, நம் திண்ணை உபாத்தியாயர்களையும் இன்ஸ்பெக்டரின் வருகைக்கு நடுங்க வைத்தது. 1904-ல் இந்திய சர்க்காரின் கல்விக் கொள்கைத் தீர்மானம் அதற்கு விடை கொடுத்தது.

அன்னியர் ஆட்சி போயிற்று, கேள்வி போகவில்லை. 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம், எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் அதே வகுப்பில் நிறுத்தலாகாது என்றது. 2019-ல் வந்த திருத்தம் ஐந்தாம், எட்டாம் வகுப்புகளில் நிறுத்திவைக்க இடங்கொடுத்தது. இவ்விஷயத்தில் இரு கட்சியாரும் ஆர்னால்டின் வாழ்க்கையை ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நலம். பிள்ளைக்கு எது தெரியவில்லை என்று கண்டு, அதைக் கற்பிப்பதற்காகவே சோதனை. தண்டிப்பதற்குச் சோதித்தால், பிள்ளையும் உபாத்தியாயரும் சேர்ந்து தராசை ஏமாற்றக் கற்பார்கள். அந்த ஒரு பாடத்தில் மட்டும் யாவரும் தேறிவிடுவார்கள் என்பதே நமது அச்சம்.