பிரான்சிஸ் டே (மீனியலாளர்)

இக்கட்டுரை மீனியல் அறிஞரைப் பற்றியது. 1639இல் சென்னையில் கோட்டை கட்ட நிலம் பெற்ற கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலரான பிரான்சிஸ் டே வேறொருவர்.

பிரான்சிஸ் டே (மார்ச் 2, 1829 - ஜூலை 10, 1889) ஓர் ஆங்கிலேய மருத்துவரும் மீனியல் அறிஞரும் ஆவார். சென்னை மாகாணப் படையில் மருத்துவராகச் சேர்ந்த இவர், பின்னர் பிரித்தானிய இந்தியாவின் மீன்வளத் தலைமை ஆய்வாளராக 1871 முதல் 1877 வரை பணியாற்றினார். இந்தியாவின் மீன்களை முறைப்படி விவரிக்கும் இவரது நூல்கள் இன்றும் ஆய்வாளர்களால் பயன்படுத்தப்படுகின்றன. தூண்டில்காரர்கள் விரும்பும் டிரவுட் மீனை நீலகிரிக்குக் கொண்டுவர முயன்று தோற்ற டே, கொள்ளிடம் போன்ற ஆறுகளில் நாட்டு மீன்கள் குறைந்து வருவதன் காரணங்களை ஆராய்ந்ததன் மூலம் இந்திய மீன்வளப் பாதுகாப்பின் முன்னோடிகளுள் ஒருவரானார்.

இளமையும் கல்வியும்

இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் உள்ள மேரஸ்ஃபீல்டு என்னும் ஊரில் டே பிறந்தார். ஷ்ரூஸ்பரி பள்ளியில் பயின்றபின் இலண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் மருத்துவம் கற்றார். 1852இல் சென்னை மாகாணத்தில் துணை அறுவை மருத்துவராகப் பணியேற்றார். இரண்டாம் ஆங்கிலேய-பர்மியப் போரில் பணியாற்றியபின் தென்னிந்தியாவின் பல ஊர்களில் பணிபுரிந்தார்.

கொச்சிக் காலம்

கொச்சியில் பணியாற்றிய காலத்தில்தான் டேயின் கவனம் மீன்களின்பால் முழுமையாகத் திரும்பியது. அப்பகுதியின் வரலாற்றையும் இயற்கையையும் விவரிக்கும் நூலொன்றை 1863இல் வெளியிட்டார். மலபார் மீன்களைப் பற்றிய இவரது நூல் 1865இல் வெளிவந்தது. இன்று வண்ணமீன் வளர்ப்போரால் மிஸ் கேரளா என்று அழைக்கப்படும் மீனை அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தியவர் இவரே. அப்போது சென்னை மாகாண ஆளுநராக இருந்த வில்லியம் டெனிசனின் பெயரை அம்மீனுக்கு இட்டார்.

விரால், பனையேறிக் கெண்டை போன்றவை நீருக்கு வெளியேயும் நெடுநேரம் உயிர்வாழ்வதை நம் ஊரார் நன்கறிவர். இதனை டே சோதனைகள் மூலம் ஆராய்ந்தார். இத்தகைய மீன்களை நீரின் மேற்பரப்புக்கு வரவிடாமல் தடுத்தால், நீருக்குள் இருந்தபடியே அவை இறந்துவிடுகின்றன என்று கண்டார். நீரில் கரைந்துள்ள காற்று அவற்றுக்குப் போதாது. மேலே வந்து காற்றை நேரடியாகக் கொள்வது இன்றியமையாதது என்பது இதனால் தெளிவாயிற்று.

நீலகிரியில் டிரவுட் முயற்சி

நீலகிரியில் குடியேறிய ஆங்கிலேயருக்கு அங்குள்ள குளிர்ந்த ஓடைகள் தம் நாட்டு ஓடைகளை நினைவூட்டின. அவற்றில் டிரவுட் மீனை வளர்த்துத் தூண்டிலிட வேண்டும் என்பது அவர்களது விருப்பம். இதற்கான முதல் முயற்சியை 1863இல் டே மேற்கொண்டார். அது தோல்வியுற்றது. டிரவுட் முட்டைகள் குளிர்ந்த நீரில் மட்டுமே உயிர்த்திருக்கும். சூயசுக் கால்வாய் திறக்கப்படாத அக்காலத்தில், வெப்பக் கடல்களைக் கடந்துவரும் நெடும் பயணத்தில் அவற்றைக் காப்பது மிகக் கடினம். அதே பத்தாண்டில் மேற்கொள்ளப்பட்ட பிற முயற்சிகளிலும் டிரவுட் நிலைபெறவில்லை. டென்ச் முதலிய கடினமான மீன்களே உதகமண்டலத்தில் பிழைத்தன. இம்முயற்சிகளைப் பற்றி டே 1876இல் கட்டுரை எழுதினார்.

டே இறந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்தே நீலகிரியில் டிரவுட் நிலைபெற்றது. எச். சி. வில்சன் என்னும் மீன்வளர்ப்பு வல்லுநர் அவலாஞ்சியில் 1907இல் பொரிப்பகம் அமைத்து வானவில் டிரவுட் மீனை வளர்த்தார்.

கொள்ளிடமும் அணைகளும்

கொள்ளிடத்தின் குறுக்கே முக்கொம்பில் மேலணையும், அணைக்கரையில் கீழணையும் 1836இல் ஆர்தர் காட்டனால் கட்டப்பட்டன. கீழணை இன்று தஞ்சாவூர் மாவட்டத்தையும் அரியலூர் மாவட்டத்தையும் இணைக்கும் இடத்தில் உள்ளது. டேயின் காலத்தில் அரியலூர், பெரம்பலூர் பகுதிகள் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தன.

உல்லம் எனப்படும் இல்சா மீன் கடலில் வாழ்ந்து, முட்டையிடுவதற்காக ஆற்றில் எதிர்நீச்சலிட்டு ஏறும் இயல்புடையது. குறுக்கே அணை வந்தால் அதன் வழி அடைபடுகிறது. அணையின் கீழ்ப்புறம் கூட்டமாகத் திரளும் மீன்களை வலையிட்டு அள்ளுவதும் எளிதாகிறது. முட்டையிடுமுன்பே தாய்மீன்கள் பிடிபடுவதால் அடுத்த தலைமுறை குறைகிறது. நீர்ப்பாசன அணைகளால் மீன்வளத்துக்கு ஏற்படும் இக்கேட்டினை 1867ஆம் ஆண்டளவில் அரசின் கவனத்துக்குக் கொண்டு சென்றவர், அணைகளைக் கட்டிய அதே ஆர்தர் காட்டன் என்பது குறிப்பிடத்தக்கது. இதனை ஆராயும் பொறுப்பு டேயிடம் ஒப்படைக்கப்பட்டது. காவிரி, கொள்ளிடம், கிருஷ்ணா, கோதாவரி முதலிய ஆறுகளின் மீன்வளம் அவரது ஆய்வில் இடம்பெற்றது.

மீன்கள் ஏறிச்செல்ல அணைகளில் வழி வேண்டும் என்ற கருத்து அப்போது வலுப்பெற்றது. ஆனால் ஐரோப்பாவில் சால்மன் மீனுக்கென உருவான படிவழிகள் இங்கு பொருந்தவில்லை. சால்மன் துள்ளித் தாண்டும். உல்லம் அவ்வாறு தாண்டும் மீனன்று. இது பிற்கால அனுபவத்தில் உறுதியாயிற்று. 1909ஆம் ஆண்டளவில் வில்சன் கொள்ளிடத்தில் உல்ல மீனின் முட்டைகளைச் செயற்கை முறையில் கருவுறச் செய்ய முயன்றார். 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டபின் காவிரியில் உல்லம் மேலும் அருகியது.

1873 அறிக்கை

இந்தியா, பர்மா ஆகியவற்றின் நன்னீர் மீன்வளம் குறித்த டேயின் அறிக்கை 1873இல் வெளிவந்தது. மாவட்ட ஆட்சியர்கள், தாசில்தார்கள் முதலியோரிடம் வினாக்கள் அனுப்பி, அவர்கள் அளித்த விடைகளை இதில் தொகுத்தார். எந்த மீன் எங்கு கிடைக்கிறது, மக்கள் அதனை எப்பெயரால் வழங்குகின்றனர், வலைக்கண்ணின் அளவென்ன, சந்தையில் மீன் போதுமான அளவு உள்ளதா என்பன போன்ற செய்திகள் அதில் அடங்கும். மீன்குஞ்சுகளைச் சிறுகண் வலைகளால் அள்ளுவதும், நீரில் நஞ்சு கலப்பதும், அணைகளின் அடைப்புமே மீன்வளம் குன்றக் காரணங்கள் என்று டே வற்புறுத்தினார். அவர் கேட்ட கட்டுப்பாடுகளுக்குச் சட்டவடிவம் உடனே கிடைக்கவில்லை. இந்திய மீன்வளச் சட்டம் 1897இல்தான் இயற்றப்பட்டது. வெடிமருந்தாலும் நஞ்சாலும் மீன்பிடிப்பதை அது தடைசெய்தது.

தூண்டில் மீன்பிடிப்பும் டேயின் பணியும்

டேயின் ஆய்வுகள் தூண்டில்காரர்களுக்கும் பயன்பட்டன. தென்கன்னட மாவட்ட ஆட்சியராக இருந்த எச். எஸ். தாமஸ் இந்தியத் தூண்டில் மீன்பிடிப்பு குறித்து 1873இல் எழுதிய நூல் இத்துறையில் புகழ்பெற்றது. தாமசும் மீன்குஞ்சுகள் அழிக்கப்படுவதைக் கடிந்தவர். தென்கன்னட மீன் ஒன்றுக்கு டே 1874இல் தாமசின் பெயரைச் சூட்டினார்.

ஐரோப்பியர் டிரவுட் பிடிக்கப் பயன்படுத்தும் தூண்டிலில் மண்புழுவுக்கு மாற்றாகச் செயற்கை ஈ இருக்கும். தூண்டில் முள்ளின்மேல் இறகு, விலங்கு மயிர், பட்டு நூல் ஆகியவற்றைச் சுற்றிக் கட்டி இதனைச் செய்வர். பூச்சி போன்றவை ஒரு வகை. சிறுமீன் போன்றவை மற்றொரு வகை. இவை ஸ்ட்ரீமர் எனப்படும். பெரிய மீன் சிறுமீனைத் தின்னும் பழக்கமே ஸ்ட்ரீமரின் அடிப்படை. முள்ளின் தலைப்பகுதியில் மட்டும் இழைகளை இறுகக் கட்டி, பின்பகுதியை நீளமாகத் தொங்கவிடுவர். கயிற்றை விட்டுவிட்டு இழுக்கும்போது இழைகள் ஒடுங்கியும் விரிந்தும் அசைவதால், அடிபட்ட சிறுமீன் நீந்துவது போன்ற தோற்றம் உண்டாகிறது.

டேயின் காலத்தில் செயற்கை இழைகள் இல்லை. நைலான் 1930களில் உருவாக்கப்பட்டது. அதன்பின் நைலான், பாலியெஸ்டர் முதலிய இழைகள் ஈ கட்டுவதிலும் புகுந்தன. இவை இயற்கை மயிரைவிடக் குறைவாகவே நீரை உறிஞ்சுவதால் வீசுவதற்கு எளியவை. மெல்லிய இழைகள் மெதுவான நீரோட்டத்திலும் அசையும். தடித்த இழைகள் வேகமான நீரிலும் உடல் வடிவைக் காக்கும். இவ்விரண்டையும் அளவறிந்து கலப்பதே உயிருள்ள மீன் போன்ற அசைவைத் தரும். இழைகளை மிகுதியாகக் கட்டினால் அசைவு கெடும்.

இழை எதுவாயினும், போலி மீனைக் கட்டுபவர் உண்மை மீனின் வடிவத்தை அறிந்திருக்க வேண்டும். முதுகு எந்நிறம், வயிறு எவ்வளவு வெளிறியது, கண் எங்குள்ளது, உடலின் உயரம் நீளத்தில் எத்தனை பங்கு என்பவை அதில் அடங்கும். நம் ஆறுகளின் கெண்டை, அயிரை முதலிய சிறுமீன்களுக்கு இவ்வளவுகளை ஒருங்கே தந்தவை டேயின் நூல்களும் அவற்றின் படங்களுமே.

முதன்மை நூல்கள்

இந்திய மீன்கள் பற்றிய இவரது பெருநூல் 1875 முதல் 1878 வரை பகுதிகளாக வெளிவந்தது. பிரித்தானிய இந்தியாவின் விலங்குகள் என்னும் வரிசையில் மீன்களுக்கான இரு தொகுதிகளை இவர் எழுதினார். 1400க்கும் மேற்பட்ட மீனினங்களை விவரிக்கும் அத்தொகுதிகள், இவர் இறந்த 1889ஆம் ஆண்டில் வெளிவந்தன. பிரித்தானியத் தீவுகளின் மீன்கள் பற்றியும் (1880-1884), அங்குள்ள சால்மன், டிரவுட் இனங்கள் பற்றியும் (1887) நூல்கள் எழுதியுள்ளார்.

இறுதிக் காலம்

1877இல் ஓய்வுபெற்ற டே, இங்கிலாந்தின் செல்ட்டன்ஹாம் நகரில் வாழ்ந்தார். ஸ்காட்லாந்தின் ஹவிட்டவுன் பொரிப்பகத்தில் டிரவுட், சால்மன் மீன்களின் இனப்பெருக்கம் குறித்து ஆராய்ந்தார். 1883இல் இலண்டனில் நடந்த பன்னாட்டு மீன்வளக் கண்காட்சியில் இந்தியப் பிரிவுக்குப் பொறுப்பேற்றார். பிரித்தானிய அருங்காட்சியகத்தின் மீனியலாளரான ஆல்பர்ட் குந்தருடன் இவருக்குக் கருத்து வேறுபாடு இருந்தது. தம் மீன்சேகரிப்பின் பெரும்பகுதியை அதே 1883இல் சிட்னியில் உள்ள ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்துக்கு இவர் விற்றார். இதனால் இந்திய மீனினங்கள் பலவற்றின் மூலமாதிரிகள் இன்று ஆஸ்திரேலியாவில் உள்ளன. கொல்கத்தாவிலும் இவரது மாதிரிகள் பாதுகாக்கப்படுகின்றன.

1885இல் இவருக்கு சி.ஐ.ஈ. பட்டம் வழங்கப்பட்டது. 1889 ஜூலை 10 அன்று புற்றுநோயால் செல்ட்டன்ஹாமில் காலமானார். டேயெல்லா என்னும் மீன் பேரினம் இவரது பெயரால் அமைந்ததாகும்.