இயந்திரத்தைக் குறுக்கே திருப்பியவர்

வன்னியின் செம்மண் தெருக்களிலே மொறிஸ் மைனரை அறியாதார் அரியர். 1990களில், பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிட்டாத காலத்திலே, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் அவ்வண்டி மண்ணெண்ணெயில் ஓடிற்று. மூட்டை முடிச்சுகளோடு இடம்பெயர்ந்தோரையும் அது சுமந்தது. அதனை வகுத்தவரும் ஊரிழந்து வந்தவரே.

அலெக் இசிகோனிஸ் 1906இல் சிமிர்னா நகரிலே பிறந்தார். தந்தையார் பிரித்தானியக் குடியுரிமை பெற்ற கிரேக்கர், பொறிப்பட்டறை உடையவர். 1922இல் துருக்கியப் படை நகருட் புகுந்தபோது, குடும்பம் பிரித்தானியக் கப்பலேறி மால்ற்றாத் தீவை அடைந்தது. தந்தையார் அங்கேயே காலமானார். தாயும் மகனும் இங்கிலாந்து சேர்ந்தனர். இலண்டன் பற்றர்சீ கல்லூரியிலே கணிதத் தேர்வில் மும்முறை தவறினார். கணிதத்தோடு அவர் கொண்ட பகை இறுதிவரை தணியவில்லை. பென்சிலும் தாளுமே அவருடைய கருவிகள்.

1936இல் மொறிஸ் நிறுவனத்திற் சேர்ந்தார். 1948இல் மைனர் வெளிவந்தது. அதற்கென அவர் விரும்பியது, நான்கு சிலிண்டர்களும் கிடையாக அமைந்த புதிய இயந்திரம். அது கைவிடப்பட்டது, பழைய 918 கன சென்ரிமீற்றர் இயந்திரமே பொருத்தப்பட்டது. புதுமனைக்குப் பழைய அடுப்பு!

1952இல் ஒஸ்ரினும் மொறிசும் ஒன்றாயின. ஒஸ்ரினிலே பில் அப்பிள்பி, எரிக் பெயர்ஹாம் என்போர் வகுத்த ஏ வரிசை இயந்திரம் மைனருக்கு வந்தது. 803 கன சென்ரிமீற்றராயிருந்த அது 1956இல் 948 ஆகவும், 1962இல் 1098 ஆகவும் வளர்ந்தது. அதிலே கலவை புகும் குழாயும் புகை வெளியேறும் குழாயும் ஒரே பக்கத்தில் அமைந்தவை; ஒன்றன் சூடு மற்றதைச் சுடவைக்கும். சிறிது பெற்றோலிலே தொடக்கி, எஞ்சின் சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்ற, அது ஆவியாகி எரிந்தமைக்கு இவ்வமைப்பும் துணைநின்றது. அழுத்த விகிதம் குறைவாயிருந்தமையும் உதவிற்று. வகுத்தோர் வன்னியைக் கனவிலும் கண்டிரார்.

1956இன் சூயஸ் நெருக்கடியால் பிரித்தானியாவிலும் பெற்றோலுக்குப் பங்கீடு வந்தது. நிறுவனத் தலைவர் லெனாட் லோட் சிறு கார் ஒன்று கேட்டார்; இயந்திரமோ கையிலிருப்பதாகவே இருக்கவேண்டும். இசிகோனிஸ் அதே ஏ வரிசையைக் குறுக்கே திருப்பி, கியர்ப்பெட்டியை அதனடியிலே எண்ணெய்க்குள் அமைத்தார். பத்தடி நீள வண்டியில் நால்வர் அமர இடம் பிறந்தது. 1959இல் வந்த மினி இதுவே. அவர் பெயரை உலகறியச் செய்தது இந்த ஒரு திருப்பந்தான் எனலாம்.

1960களின் பிற்பகுதியில், ஏ வரிசைக்கு மாற்றாகத் தாமே ஓர் இயந்திரத்தை வகுத்தார். மாதிரிகள் ஓடின, நிறுவனம் ஏற்கவில்லை. 1969இல் சேர் பட்டம் பெற்ற இசிகோனிஸ் 1988இல் காலமானார். பிறர் வகுத்த அந்த ஏ வரிசை இயந்திரமோ மினியில் 2000ஆம் ஆண்டுவரை உற்பத்தியாகிக்கொண்டிருந்தது.