களைத்துப்போன ரிசீவர்

எங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் போர்டில் இருக்கிற ப்ளூடூத் மாட்யூலுக்கு ஒரு பழக்கம் இருந்தது. காலையில் நல்லா வேலை செய்யும். ரெண்டு மூணு மணி நேரம் விடாம ஓடவிட்டால் போனோடு இருக்கிற இணைப்பை அப்பப்ப விடும், அப்புறம் மொத்தமா விட்டுவிடும். ஆஃப் பண்ணி அரை மணி நேரம் சும்மா வைத்தால், ஒண்ணுமே நடக்காத மாதிரி திரும்ப எழுந்து உட்காரும். மேலூர் பக்கம் கால்வாய்ப் பாசன வயல் ஒன்றில், பம்ப்செட் ரூமின் தகரக் கூரைக்குக் கீழே வைத்து நாங்க சோதித்த போர்டு அது. போனிலிருந்தே மோட்டாரை ஆன், ஆஃப் பண்ணணும். அவ்வளவுதான் ப்ராஜெக்ட்.

எல்லாரும் செய்வதை நாங்களும் செய்தோம். டிஎக்ஸ், ஆர்எக்ஸ் ஒயரை மாற்றிப் போட்டுப் பார்த்தோம். பாட் ரேட்டை மாற்றினோம். கோடை மறுபடி ஏற்றினோம். மாட்யூலின் ஆன்டெனாவுக்குக் கீழே போர்டில் காப்பர் ஓடுதான்னு பார்த்தோம், ஓடல. கேட்டவங்க எல்லாரும் சொன்னது ஒண்ணுதான்: மாட்யூல் போயிருச்சு, புதுசு வாங்கிப் போடுங்க. வாங்கினோம். அதுவும் மதியம் ஆனா களைத்துப்போனது. டீமில் ஒருத்தன் அதுக்கு ரெஸ்ட் வேணுமாம், விடுங்கடான்னு கிண்டல் பண்ணினான்.

வேலை செய்து செய்து களைத்துப்போய், ஓய்வு கொடுத்தால் தேறிவிடுகிற ரிசீவர். இதே நடத்தையை 1899 வாக்கில் கல்கத்தாவில் ஒருத்தர் பார்த்திருக்கிறார். அவர் கிண்டல் பண்ணல, தூக்கியும் போடல. அதைப் பின்தொடர்ந்து போய் மீதி வாழ்க்கையையே மாற்றிக்கொண்டார். ஜகதீஷ் சந்திர போஸ்.

(எங்க பக்கம் வீதிக்கு ஒரு போஸ் உண்டு. அந்தப் பெயர் எல்லாம் நேதாஜிக்காக வைத்தது. இவர் வேற போஸ். ஐன்ஸ்டீனோடு சேர்த்துச் சொல்லும் சத்யேந்திரநாத் போஸும் இல்லை, ஆனால் அந்த போஸுக்குப் பாடம் எடுத்தவர்.)

1858 நவம்பர் 30-ல் பிறந்தார். ஊர் மைமன்சிங், இன்றைக்கு பங்களாதேஷில் இருக்கிறது. அப்பா பகவான் சந்திர போஸ் அரசாங்கத்தில் டெபுடி மாஜிஸ்திரேட். அந்த வேலையில் இருந்தவர்கள் பிள்ளைகளை இங்கிலீஷ் ஸ்கூலுக்கு அனுப்பியே ஆகவேண்டும், அதுதான் அந்தஸ்து. இவர் மகனை வங்காளப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். முதலில் சொந்த மொழி, சொந்த ஜனம். இங்கிலீஷ் அப்புறம் வரட்டும் என்பது அவர் எண்ணம். வகுப்பில் போஸுக்கு ஒரு பக்கம் அப்பாவின் ஆபீஸ் சேவகர் மகன், இன்னொரு பக்கம் மீனவர் மகன். அவர்கள் சொன்ன பறவை, மிருகம், மீன் கதைகளில் தொடங்கியதுதான் இயற்கை மேல் தனக்கு வந்த ஆர்வம் என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். எல்கேஜியிலிருந்து இங்கிலீஷ் மீடியத்தில் படித்துவிட்டு இந்தக் கட்டுரையில் ஒற்றெழுத்தைத் தேடித் தேடிப் போட்டுக்கொண்டிருக்கிற எனக்கு, இந்த இடத்தைச் சும்மா தாண்டிப் போக முடியல.

பிறகு கல்கத்தா, செயின்ட் சேவியர்ஸ். அங்கே பிசிக்ஸ் நடத்திய லாஃபோன் பாதிரியார் செய்து காட்டிய சோதனைகள் பிடித்துப்போயின. 1880-ல் லண்டனுக்கு மருத்துவம் படிக்கப் போனார். ஏற்கனவே தொற்றியிருந்த காய்ச்சலோடு பிண அறுவைக் கூடத்தின் நெடியும் சேர, உடம்பு கேட்கவில்லை. மருத்துவத்தை விட்டு கேம்பிரிட்ஜுக்கு மாறினார். அங்கே ஆசிரியர் ராலே பிரபு. 1885-ல் திரும்பி வந்து கல்கத்தா பிரெசிடென்சி கல்லூரியில் பிசிக்ஸ் பேராசிரியரானார்.

அங்கே ஒரு கணக்கு இருந்தது. அதே வேலைக்கு ஐரோப்பியருக்கு முழுச் சம்பளம், இந்தியருக்கு மூன்றில் இரண்டு பங்கு. இவர் நியமனம் தற்காலிகம் என்பதால் அதிலும் பாதி, ஆக மூன்றில் ஒரு பங்கு. போஸ் சண்டை போடவில்லை, வேலையையும் விடவில்லை. சம்பளத்தை மட்டும் வாங்க மறுத்தார். மூன்று வருஷம், ஒரு ரூபாய் வாங்காமல் தினமும் வகுப்பு எடுத்தார். அப்பா தொடங்கிய தொழில்கள் நொடித்துக் குடும்பமே கடனில் இருந்த நேரம் அது. கடைசியில் நிர்வாகம் இறங்கி வந்து முழுச் சம்பளத்தையும் பழைய பாக்கியோடு கொடுத்தது. அந்தப் பணம் அப்பாவின் கடனுக்குப் போனது.

சம்பளமில்லாத அந்த நாட்களில், 1887-ல், அவரைத் திருமணம் செய்தவர் அபலா. அபலாவுக்கும் நம்ம மாநிலத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. கல்கத்தா மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்க்காத காலத்தில், 1882-ல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரிக்கு வந்து படித்தவர் அவர். உடல்நிலையால் படிப்பை முடிக்க முடியவில்லை. பின்னாளில் வங்காளத்தில் பெண்கள் படிப்புக்காக நிறைய வேலை செய்தார்.

1894-ல், தன் 36-வது பிறந்தநாளில், இனி ஆராய்ச்சிதான் என்று போஸ் முடிவெடுத்தார். கல்லூரியில் லேப் கிடையாது. கிடைத்தது ஒரு குளியலறையை ஒட்டிய 24 சதுர அடி இடம். ஹாஸ்டலில் ஒரு கட்டிலும் ஒரு ஸ்டூலும் போட்டால் தீர்ந்துபோகிற அளவு. உதவிக்கு ஒரு தகர வேலைக்காரர், பயிற்சி இல்லாதவர், போஸ் சொல்லச் சொல்லச் செய்வார்.

ஹெர்ட்ஸ் கண்டுபிடித்த மின்காந்த அலைகள் ஒளி மாதிரியே நடந்துகொள்கின்றன என்று காட்டுவதுதான் போஸ் எடுத்துக்கொண்ட வேலை. அலை நீளமாக இருந்தால் அதை வளைக்கும் பட்டகமும் பிரம்மாண்டமாக இருக்க வேண்டும். அதனால் அலையையே குறுக்கினார், 5 மில்லிமீட்டர் வரைக்கும். இன்றைய கணக்கில் 60 கிகாஹெர்ட்ஸ். நம்ம ப்ளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸ், அதன் அலைநீளம் பன்னிரண்டரை சென்டிமீட்டர். அதைவிடச் சின்ன அலைகளோடு அவர் 1890-களில் விளையாடிக்கொண்டிருந்தார். அலை குறுகியதும் கருவி எல்லாம் மேஜை மேலேயே அடங்கிவிட்டது. அலையைக் கொண்டுபோக உலோகக் குழாய், வெளியே விட கொம்பு வடிவ வாய். நாம ஆறாவது செமஸ்டரில் மைக்ரோவேவ் லேபில் திருகுகிற வேவ்கைடும் ஹார்ன் ஆன்டெனாவும் இவைதான். போலரைசர் எதுவென்று பார்த்தால் சிரிப்பு வரும். ஒரு ரயில்வே டைம்டேபிள் புத்தகம். பக்கத்துக்குப் பக்கம் ஈயத்தாள் செருகியிருப்பார். இன்னொரு சோதனைக்கு முறுக்கிய சணல். 1895-ல் கல்கத்தா டவுன் ஹாலில் பொதுமக்கள் முன்னால், சுவருக்கு அந்தப் பக்கம் ஒயரே இல்லாமல் மணியை அடிக்க வைத்தார், வெடிமருந்தைக் கொளுத்தினார்.

அலையை அனுப்புவது பாதி வேலை. அதை வாங்குகிற பக்கம்தான் எல்லாருக்கும் தலைவலி. அன்றைக்கு ரிசீவர் என்றால் கோஹியரர். ஒரு கண்ணாடிக் குழாய், உள்ளே இரும்புத்தூள் மாதிரி உலோகத் துகள், ரெண்டு பக்கமும் ஒயர். சும்மா இருக்கும்போது கரண்ட் போகாது. அலை பட்டால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், கரண்ட் போகும், மணி அடிக்கும். ஆனால் ஒட்டினது ஒட்டினதுதான், அடுத்த அலைக்குத் தயாராக வேண்டுமென்றால் குழாயைத் தட்டணும். தட்டுவதற்கென்றே ஒரு குட்டிச் சுத்தியல் வைத்திருப்பார்கள். சில நேரம் அலை வராமலே அடிக்கும், சில நேரம் வந்தாலும் அடிக்காது.

போஸ் துகளைத் தூக்கிவிட்டு, வரிசையாகச் சின்னச் சுருள் ஸ்பிரிங்குகளை வைத்தார். ஒரு திருகாணியால் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாம். கொடுக்கிற வோல்டேஜையும் நுணுக்கமாக மாற்றலாம். அதாவது கண்டபடி இருந்த ஒரு பார்ட்டை, அளந்து சரிசெய்யக்கூடியதாக மாற்றினார். எனக்குப் பிடித்த இடம் இதுதான். பிறகு ஒவ்வொரு உலோகமாக எடுத்துப் பார்த்தார். பொட்டாசியம் மற்றதுக்கு நேர் எதிராக நடந்தது, அலை பட்டால் அதன் மின்தடை ஏறியது. இரும்பும் பாதரசமும் தொடுகிற அமைப்பில், தட்டாமலே தானாகத் தேறிக்கொள்ளும் ரிசீவர் கிடைத்தது. 1899-ல் ராயல் சொசைட்டி இதழில் அதை எழுதி வெளியிட்டார். 1901 டிசம்பரில் மார்க்கோனி அட்லான்டிக்கைத் தாண்டி வந்த சிக்னலைக் கேட்டது இத்தாலியக் கடற்படை நண்பர் கொடுத்த பாதரச ரிசீவரில். அதன் மூலம் போஸின் 1899 கட்டுரைதான் என்று 1998-ல் ஐஇஇஇ இதழில் விரிவாக வாதிட்டு எழுதினார்கள்.

இந்தச் சோதனைகளுக்கு நடுவில்தான் அந்த நோய் தெரிந்தது. நீண்ட நேரம் வேலை வாங்கினால் ரிசீவரின் உணர்திறன் குறைகிறது. சும்மா விட்டால் திரும்புகிறது. போஸ் அதைக் கோடாக வரைந்து பார்த்தார். களைத்துப்போன தசை மறுபடி தேறும்போது வருகிற கோடு மாதிரியே இருந்தது.

எங்க கதையை இங்கேயே முடித்துவிடுகிறேன். இதைப் படித்ததும் நாங்களும் மாட்யூலைத் திட்டுவதை நிறுத்திவிட்டு, எத்தனை மணிக்கு விடுகிறது, எவ்வளவு நேரத்தில் தேறுகிறது என்று நோட்டில் எழுத ஆரம்பித்தோம். வெயிலோடு நேரம் மாறியது. மல்டிமீட்டரை வைத்தால் 3.3 வோல்ட் இருக்கவேண்டிய இடத்தில் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. ரெகுலேட்டரில் விரலை வைத்தேன், கொப்புளம். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 3.3-க்கு இறக்குகிறது, நடுவில் 8.7 வோல்ட், போர்டு இழுப்பது சுமார் 130 மில்லி ஆம்பியர், ஆக ஒரு வாட்டுக்கும் மேலே அந்தச் சின்னச் சில்லு மேல் வெப்பமாக இறங்குகிறது. தகரக் கூரை, மூடின டப்பா வேற. அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மின்சாரத்தைக் குறைக்க, முதலில் விழுந்தது ப்ளூடூத். பக் கன்வெர்ட்டர் போட்டதும் சரியாகிவிட்டது. களைத்தது மாட்யூலே இல்லை.

போஸுக்கு இப்படிச் சின்னக் காரணம் கிடைக்கல. அல்லது அவர் சின்னக் காரணத்தோடு நிற்க விரும்பல. 1900-ல் பாரிஸ் மாநாட்டில், 1901 மே 10-ல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில், உலோகத்தின் கோட்டையும் தசையின் கோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினார். தகரக் கம்பிக்கு ஆக்சாலிக் அமிலத்தை விஷமாகக் கொடுத்து அதன் துடிப்பு அடங்குவதையும் காட்டினார். ஜூன் 6-ல் ராயல் சொசைட்டியில் எதிர்ப்பு வந்தது. உடலியலின் பெரிய பெயர் பர்டன் சாண்டர்சன், போஸ் பிசிக்ஸோடு நின்றுகொள்வது நல்லது என்ற தோரணையில் பேசினார். கட்டுரை அச்சேறவில்லை.

அதே மே மாதத்தில் ஒரு டெலிகிராஃப் கம்பெனி முதலாளி வந்து, கண்டுபிடிப்பைக் காப்புரிமை செய்யலாம், லாபத்தில் பாதி உங்களுக்கு என்றார். போஸ் மறுத்துவிட்டு, அதை நண்பர் தாகூருக்குக் கடிதமாக எழுதினார். நண்பர்கள் வற்புறுத்தியதால் காலினா படிக ரிசீவருக்கு அமெரிக்காவில் விண்ணப்பித்தார், 1904-ல் காப்புரிமையும் வந்தது. ஆனால் அதை வைத்து அவர் ஒரு பைசா பார்க்கவில்லை. எல்லாரும் இதைத் தியாகம் என்று சொல்கிறார்கள். எனக்கு முழுசா ஒத்துக்க முடியல. அந்தப் பணத்தில் இங்கேயே ஒரு ரேடியோ பட்டறை வந்திருக்கலாம், அந்தத் தகர வேலைக்காரர் மாதிரி நூறு பேர் அதில் பழகியிருக்கலாம். ஆனால் மூன்று வருஷம் சம்பளம் வாங்காத மனுஷனிடம் அந்தக் கணக்கு செல்லாது என்பதும் புரிகிறது.

அதற்கப்புறம் அவர் ரேடியோ பக்கம் திரும்பவில்லை. செடிகளுக்குப் போனார். தொட்டாச்சுருங்கியும் தொழுகண்ணியும் அவர் மேஜைக்கு வந்தன. செடி வளர்வதைப் பத்தாயிரம் மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் கருவியைச் செய்தார். உலோகத்துக்கும் உயிருக்கும் இடையில் கோடே இல்லை என்று அவர் போன தூரத்துக்கு அறிவியல் அவரோடு போகவில்லை. அங்கே அவர் கொஞ்சம் அதிகமாகவே நம்பிவிட்டார் என்றுதான் எனக்கும் படுகிறது. ஆனால் செடிகளுக்குள் மின் சமிக்ஞை ஓடுகிறது என்பதில் அவர் பக்கம்தான் நியாயம், இன்றைக்கு அது பாடப்புத்தகத்தில் இருக்கிறது.

1915-ல் ஓய்வு பெற்றார். 1917-ல் சர் பட்டம், அதே வருஷம் நவம்பர் 30-ல், பிறந்தநாளன்று, கல்கத்தாவில் போஸ் இன்ஸ்டிடியூட்டைத் திறந்தார். 1920-ல், அந்தக் கட்டுரையை ஒதுக்கிய அதே ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. அந்த வருஷம் அவர் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதியவர் பாட்ரிக் கெடிஸ், மதுரை நகர அமைப்பைப் பற்றியும் அறிக்கை எழுதின அதே ஆள்தான். 1937 நவம்பர் 23-ல் கிரிடியில் போஸ் இறந்தார். இன்னும் ஒரு வாரம் இருந்திருந்தால் 79 ஆகியிருக்கும்.

அவர் கருவிகள் கொல்கத்தாவில் அந்த இன்ஸ்டிடியூட் மியூசியத்தில் இருக்கின்றன. ரிசல்ட் வந்ததும் நாங்க நாலு பேரும் போகணும்னு பேசி வச்சிருக்கோம். இன்னும் டிக்கெட் போடல.