டால்டனின் கண்கள்

இங்கிலாந்தின் வடபால் கம்பர்லாந்து என்னும் பகுதியில் ஈகிள்ஸ்பீல்டு என்றொரு சிற்றூர் உண்டு. அவ்வூரில் 1766 ஆம் ஆண்டில் நெசவாளர் ஒருவரின் மகனாகப் பிறந்தார் ஜான் டால்டன். அவர் குடும்பத்தார் குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவினர். அப்பிரிவினர் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களில் பட்டம் பெறுதல் அந்நாளில் இயலாது. டால்டன் பன்னிரண்டு வயதிலேயே ஊர்ப்பிள்ளைகளுக்கு ஆசிரியரானார். கற்பித்துக்கொண்டே தாமும் கற்றார். 1793 இல் மான்செஸ்டர் நகரை அடைந்து, இறுதிவரை அங்கேயே வாழ்ந்தார். ஒவ்வொரு தனிமத்தின் அணுவுக்கும் தனி எடை உண்டு என்று நிறுவி, 1808 இல் நூல் வெளியிட்டு உலகப் புகழ் எய்தினார். அப்புகழை யாவரும் அறிவர். அவர்தம் கண்களின் கதையோ அதனினும் சுவையுடையது.

பூக்களின் நிறம் பற்றிப் பிறர் கூறுவன இளமையில் அவருக்கு விளங்கவில்லை. ஒரு பூ நீலமோ இளஞ்சிவப்போ என அவர் வினவினால், விளையாட்டாகக் கேட்கின்றார் என்றே நண்பர்கள் எண்ணினர். 1792 ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் ஒருநாள், ஜெரேனியப் பூவொன்றை மெழுகுவத்தி ஒளியில் நோக்கினார். பகலில் வான்நீலமாய்த் தோன்றிய அப்பூ, இரவில் செந்நிறமாய்த் தோன்றிற்று. திகைத்த டால்டன் அதனைப் பலரிடமும் காட்டினார். பகலிலும் இரவிலும் அஃது ஏறக்குறைய ஒரே நிறம் என்றனர் அனைவரும்; ஒருவர் மட்டும் டால்டன் கண்டவாறே கண்டார். அவர் டால்டனின் உடன்பிறந்த அண்ணன்.

பிறர் நகைப்பதற்கு நாணி இதனை அவர் மறைத்தாரல்லர். தம் குறையையே ஆராய்ச்சிப் பொருளாக்கி, 1794 இல் மான்செஸ்டர் இலக்கிய தத்துவக் கழகத்தில் கட்டுரை படித்தார். சிவந்த முத்திரையரக்கும் பசுமையான இலையும் தமக்கு ஒரு நிறமாகவே தோன்றுதலை அதில் எடுத்துரைத்தார். ஒரு வகுப்பில் 25 மாணாக்கருள் இருவர் தம்மைப் போன்றவர் எனக் கண்டார். பெண்களுள் அத்தகையார் ஒருவரையும் அவர் கேள்விப்பட்டிலர். இதன் காரணம் யாது? தம் கண்ணின் உள்நீர் நீலம் பாய்ந்திருத்தல் வேண்டும் என்று துணிந்தார். அது மெய்யோ பொய்யோ என அறிதற்குத் தாம் இறந்தபின் தம் கண்ணை அறுத்துப் பார்க்குமாறு கூறிவைத்தார்.

பட்டம் பெற இடந்தராத ஆக்ஸ்போர்டு, 1832 இல் அவருக்கு மதிப்புறு பட்டம் வழங்கிற்று. ஈராண்டு கழித்து மன்னரைக் காணச் சென்றபொழுது, அப்பட்டத்துக்குரிய செவ்வங்கியை அணிந்து சென்றார். குவேக்கர் அந்நாளில் பகட்டான செந்நிறத்தை விலக்கினர். டால்டன் கண்ணுக்கோ அது செந்நிறமாகவே தோன்றவில்லை!

1844 ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 27 ஆம் நாள் டால்டன் மறைந்தார். மருத்துவர் ரான்சம் என்பார் அவர் விரும்பியவாறே ஒரு கண்ணை அறுத்து உள்நீரை ஆராய்ந்தார். அது தெளிந்திருந்தது; நீலச் சாயல் சிறிதும் இல்லை. மற்றொரு கண்ணின் பின்புறத்தைத் துளைத்து அதன் வழியே நோக்கினார். சிவப்பும் பச்சையும் வேறுபட்டே தோன்றின. டால்டனின் கொள்கை அன்றே வீழ்ந்தது. ஆயினும் அக்கண்களை எறிந்துவிடாமல் காத்துவைத்தனர். அஃது எத்துணை நற்செயல்!

தாமஸ் யங் என்னும் அறிஞர், செந்நிறத்தை உணரும் உறுப்பு டால்டனுக்கு இல்லை என முன்னரே கருதியிருந்தார். ஒன்றரை நூற்றாண்டு கழிந்து, 1995 இல், ஆங்கில ஆராய்ச்சியாளர் சிலர் அக்கண்ணின் சிறு துணுக்கிலிருந்து மரபணுப் பொருளைப் பிரித்தெடுத்தனர். நிறம் உணர்தற்குக் கண்ணில் மூவகை நிறமிகள் உள்ளன. அவற்றுள் சிவப்பொளியை மிகுதியாக ஏற்கும் நிறமிக்குரிய மரபணு டால்டனிடம் இருந்தது; பச்சையொளிக்குரியதே இல்லை. யங்கின் கருத்தும் பிழையாயிற்று.

இவ்விரு மரபணுக்களும் எக்ஸ் குரோமோசோமில் அடுத்தடுத்து அமைந்தவை, பெரிதும் ஒத்தவை. ஆதலின் தலைமுறை மாறும்பொழுது ஒன்று விடுபடுதல் எளிது. பெண்ணுக்கு அக்குரோமோசோம் இரண்டு. ஒன்று பழுதாயினும் மற்றொன்று துணைநிற்கும். ஆணுக்கு அது தாய்வழி வரும் ஒன்றே. டால்டன் பெண்களுள் ஒருவரையும் காணாமைக்கும், உடன்பிறந்தார் இருவரும் ஒன்றுபோல் கண்டமைக்கும் காரணம் இதுவே. அவ்விருவரையும் பெற்ற அன்னையோ அந்த ஜெரேனியப் பூவை இளஞ்சிவப்பாகவே கண்டிருத்தல் கூடும்.