தங்கைக்காக ஒரு மருத்துவமனை

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் மன்னர் ஆதரவால் இடம் பிடித்து, 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். சட்டசபை, தேவதாசி ஒழிப்பு எல்லாம் பாடப்புத்தகத்திலேயே இருக்கு, விட்டுவிடுகிறேன்.

என்னை உலுக்கியது 1923. அந்த ஆண்டு அவருடைய தங்கை புற்றுநோயால் இறந்தார். அக்கா டாக்டர், ஆனாலும் காப்பாற்ற முடியவில்லை. 1925-ல் மேற்படிப்புக்கு லண்டன் போனவர், இந்த நோய்க்கென்றே அங்கே தனி மருத்துவமனை இருப்பதைப் பார்த்தார். சென்னையிலும் ஒன்று வேணும் என்று வருஷக்கணக்கில் அலைந்தார். எப்படியும் சாகப்போகிறவர்களுக்கு எதற்குச் செலவு என்பதுதான் அன்றைய எண்ணம். 1952-ல் அடையாறில் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ல் 12 படுக்கைகளோடு திறந்தபோது அம்மையாருக்கு வயது 67! மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். 1957-ல் கனடாவின் கோபால்ட்-60 கதிர்வீச்சு இயந்திரம் வந்தது.

எங்க காத்திவாக்கத்திலிருந்து அடையாறுக்குப் போய்ட்டு வந்தா ஒருநாள் கூலி போச்சு. கதிர் வைக்கிறதுக்குப் பதிலா மஞ்சளையே சாப்பிட்டா என்ன என்று இங்கே சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

கதிர் செல்லின் டி.என்.ஏ.வை உடைக்கிறது. ஆனால் செல்லுக்குள்ளேயே ஒரு மெயின்டெனன்ஸ் கேங் இருக்கு, உடைந்ததை ஒட்டவைத்துவிடும். தாவரப் பொருள்கள் சில இங்கேதான் உதவுகின்றன. பசிபிக் யூ மரப்பட்டையிலிருந்து பிரித்த பாக்ளிடாக்சல், செல்லைப் பிளவுபடும் நேரத்தில் அப்படியே நிறுத்திவிடும். கதிர் அதிகம் காயப்படுத்துவது அந்தக் கட்டத்தில்தான். நுரையீரல், உணவுக்குழாய்ப் புற்றுநோய்களில் கதிரோடு சேர்த்தே கொடுக்கிறார்கள். அதன் அமைப்பு வெளியானது 1971-ல். அம்மையார் 1968-லேயே மறைந்துவிட்டார், பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

மஞ்சளின் குர்குமினும் ஆய்வுக்கூடச் செல்களில் கதிரின் வேகத்தைக் கூட்டியிருக்கிறது. ஆனால் நாம் சாப்பிடும் மஞ்சளிலிருந்து அது ரத்தத்தில் சேர்வது ரொம்பக் கொஞ்சம். மனிதர்களிடம் பலன் இன்னும் உறுதியாகவில்லை. யூ மரமோ மஞ்சளோ, கதிருக்குத் துணையாக ஆராயப்பட்டதே தவிர, கதிருக்குப் பதிலாக அல்ல. சிகிச்சையில் இருப்பவர் மூலிகை மாத்திரை எதுவானாலும் டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் சாப்பிடணும். நடுவில் கதிரை நிறுத்தினால், அந்த மெயின்டெனன்ஸ் கேங்குக்கு நாமே ஓவர்டைம் கொடுத்த மாதிரி!