மலையைத் திருப்பிப் படித்தவர்: மதுரைக்குத் தண்ணி கொண்டுவந்த பென்னிகுயிக்கின் கதை

ஜனவரி 15 அன்னிக்கு தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்குப் பக்கம் போனீங்கன்னா, பொங்கல் பானையோடு சேர்த்து ஒரு வெள்ளைக்காரர் படத்துக்கும் மாலை போட்டிருப்பாங்க. தேனி பஸ் ஸ்டாண்டுக்கே அவர் பேர்தான். பிள்ளைகளுக்கும் அந்தப் பேரை வெச்சவங்க இருக்காங்க. அவர்தான் கர்னல் ஜான் பென்னிகுயிக்.

முல்லைப் பெரியாறு அணையைக் கட்டியவர்னு எல்லோருக்கும் தெரியும். ஆனா, அவர் செஞ்ச வேலையோட அருமை புரியணும்னா, முதல்ல மலையைப் பார்க்கணும்.

ஒரே மலை, ரெண்டு பாறை

1841 ஜனவரி 15-ல் பென்னிகுயிக் பிறந்தது பூனாவில். அந்த ஊர் இருப்பதே எரிமலைப் பாறை மேலதான். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் பூமி பிளந்து லாவா வழிந்தது. அது அடுக்கு அடுக்காக உறைந்து உருவானதுதான் மேற்குத் தொடர்ச்சி மலையின் வடபகுதி. அங்கே மலைகள் படிக்கட்டு மாதிரி இறங்குவதும், பல இடங்களில் உச்சி தட்டையாக இருப்பதும் அதனாலதான்.

அதே தொடர் சுமார் 1,600 கி.மீ நீண்டு தெற்கே வரும்போது கதை மாறுது. தேனி, இடுக்கி பக்கம் இருப்பது எரிமலைப் பாறை இல்லை. பூமிக்கு அடியில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய சார்னோகைட், நைஸ் பாறைகள். வயசு 50 கோடி ஆண்டுகளுக்கும் மேல! மலையின் வடக்கில் பிறந்த குழந்தைக்கு, தெற்கில் ஒரு வேலை காத்திருந்தது.

எட்டு வயசு நிறையறதுக்கு முன்னாடியே பெரிய இடி. 1849-ல் சில்லியன்வாலா போரில் ராணுவ அதிகாரியான அப்பாவும், அண்ணனும் ஒரே நாளில் இறந்தாங்க. இங்கிலாந்தில் படித்து, சென்னை மாகாணத்தின் ராணுவப் பொறியாளர் படையில் சேர்ந்து, 1860-ல் இந்தியா திரும்பினார்.

மழை அந்தப் பக்கம், வயல் இந்தப் பக்கம்

அரபிக்கடலில் இருந்து வரும் தென்மேற்குப் பருவ மேகம் மலையில் மோதி, மேற்கே கொட்டித் தீர்த்துவிடும். அந்தத் தண்ணியைச் சுமக்கும் பெரியாறு, திரும்ப அரபிக்கடலுக்கே போய்விடும். மலைக்குக் கிழக்கே இருக்கும் நமக்கு மிஞ்சுவது மழை மறைவு. மதுரைக்கு வருஷத்துக்கு சுமார் 85 செ.மீ மழைதான். வைகையில் பல மாசம் மணல்தான் தெரியும். 1876-78 பெரும் பஞ்சம் இந்தச் சீமையை உலுக்கி எடுத்தது.

பெரியாற்றைக் கிழக்கே திருப்பும் யோசனை பென்னிகுயிக்குடையது இல்லை. 1789-லேயே ராமநாதபுரம் அமைச்சர் முத்திருளப்ப பிள்ளை அதைப் பற்றி யோசிச்சார். செலவு தாங்காததால் கைவிட்டார். 1808-ல் ஆய்வு செய்த கேப்டன் கால்டுவெல் இது நடக்காதுன்னு முடிச்சுட்டார். 1882-ல் திட்டத்தை மறுபடி தயார்செய்யும் பொறுப்பு பென்னிகுயிக்கிடம் வந்தது.

மலையின் அமைப்பே திட்டத்துக்கு வழிகாட்டியது. பெரியாறு ஓடும் இடம் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 880 மீட்டர் உயரம். கம்பம் பள்ளத்தாக்கோ அதில் பாதி உயரம்கூட இல்லை. நடுவில் நிற்பது ஒரு மலை முகடு மட்டும். ஆற்றை மறித்து, முகட்டைக் குடைந்துவிட்டால் போதும், மோட்டார் எதுவும் இல்லாமல் தண்ணி தானா இறங்கும்!

காடு கேட்ட விலை

1886-ல் திருவிதாங்கூரோடு 999 ஆண்டு குத்தகை ஒப்பந்தம் ஆச்சு. 1887-ல் வேலை ஆரம்பம். அடர்ந்த காடு, யானைகள், மலேரியா, காலரா. வெள்ளம் வந்து, கட்டியதை அடிச்சுக்கிட்டுப் போனது. சுண்ணாம்புக் கல்லைக் கீழிருந்து கம்பி வடத்தில் மேலே ஏத்தினாங்க. சுண்ணாம்பும் சுட்ட செங்கல் தூளும் கலந்த சுர்க்கிதான் அன்றைய சிமென்ட். பாறை கெட்டியாக இருந்ததால் சுமார் 1.7 கி.மீ சுரங்கம் தோண்டுவது பெரும்பாடு. ஆனா அந்தக் கெட்டிதான் அணைக்கு அஸ்திவாரமும் ஆனது.

155 அடி உயர அணை 1895 அக்டோபரில் திறக்கப்பட்டது. அதுக்குள்ள 400-க்கும் மேற்பட்ட தொழிலாளிகள் நோயில் இறந்துபோனாங்க. அணைக்குப் பக்கத்திலேயே அவங்க கல்லறைகள் இருக்கு. படத்துக்கு மாலை போடும்போது அவங்களையும் நினைக்கணும் இல்லையா?

மனைவி நகையை விற்று அணை கட்டினார்னு வாட்ஸ்அப்பில் ஒரு கதை சுத்துது. அணை எழுந்தது சென்னை மாகாண அரசின் பணத்தில். அவர் கொடுத்தது வேற: வெள்ளம் அழிச்சதைத் திரும்பத் திரும்பக் கட்டிய பிடிவாதம்.

பிறகு இங்கிலாந்தில் கூப்பர்ஸ் ஹில் பொறியியல் கல்லூரியின் தலைவரானார். 1911 மார்ச் 9-ல் இங்கிலாந்திலேயே காலமானார். அவர் திருப்பிவிட்ட தண்ணி மட்டும் நிற்கலை. கம்பத்துத் திராட்சைத் தோட்டம், மேலூர் வயல், மதுரைக் குடிநீர்க் குழாய்னு இன்னிக்கும் ஓடுது.

அடுத்த முறை தேக்கடி டூர் போறப்போ, குமுளி மலைப்பாதையில் ராட்சதக் குழாய்கள் இறங்கும் இடத்தில் ஒரு நிமிஷம் வண்டியை ஓரம்கட்டுங்க. மேற்கே போக வேண்டிய ஒரு ஆறு, மலையைத் தாண்டி நம்ம பக்கம் வர்றதை அங்கேதான் கண்ணால் பார்க்கலாம்.