பரதம் வல்ல கோப்பெருஞ்சிங்கன்

சிதம்பரம் கோவிலுக்குப் போயிருப்பீங்க. தெற்குக் கோபுர வாசலில் நின்று பக்கச் சுவர்களைப் பார்த்திருக்கீங்களா?

அந்தக் கோபுரத்துக்குச் 'சொக்கச்சீயன்' என்றொரு பெயர் உண்டு. அது சேந்தமங்கலத்தில் இருந்து ஆண்ட காடவ அரசன் கோப்பெருஞ்சிங்கனோட பட்டப்பெயர். சோழருக்கு அடங்கிய சிற்றரசனா இருந்தவன், 1231-ல் சோழப் பேரரசன் மூன்றாம் இராசராசனையே பிடிச்சுச் சேந்தமங்கலத்தில் சிறை வைத்தான். ஒய்சள மன்னன் நரசிம்மன் படை அனுப்பினான். வழியில் ஊர்கள் அழிந்தன, சோழன் விடுதலையானான். கடலூர் பக்கத்துத் திருவந்திபுரம் கோவில் கல்வெட்டு இதைச் சொல்லுது. வென்றவங்க சொன்ன கணக்கு அது.

போர்க்களத்தில் இப்படி இருந்தவனைத்தான் கல்வெட்டுகள் பரதம் வல்லவன் என்று புகழ்கின்றன. அவனுக்கு நாட்டியம் தெரியும்.

ஆடுற உடம்பு ஒரு நொடியும் நிற்காது. கருங்கல் அசையவே அசையாது. முழங்கால் எவ்வளவு மடங்குது, இடுப்பு எந்தப் பக்கம் சாயுது, உடம்போட எடை எந்தக் காலில் இறங்குதுன்னு கவனிச்சு, சிற்பி ஒரே ஒரு கணத்தைத் தேர்ந்தெடுக்கணும். உளி தவறினா ஒட்டவைக்க வழியில்லை. கோபுர வாசலில் கட்டம் கட்டமா இருக்கிற நடனக் கரணங்கள் அப்படி வந்தவைதான்.

கோபுரத்தின் மேல்நிலைகள் செங்கல்லும் சுதையும், கீழே கருங்கல். சோழனை அவனால் சிறையில் வைத்திருக்க முடியல. ஆட்டம் மட்டும் கல்லில் நிற்குது. அடுத்த முறை போனா, வாசலில் அஞ்சு நிமிஷம் நின்னு பாருங்க.